செப்டம்பரில் ஐரோப்பாவுக்குப் பறக்கும் பினாங்குப் பிள்ளைகளுக்கு



கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மணி சேஞ்சர் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். ஆகஸ்டு பிறந்தால் உங்களில் சிலர் அப்பாவையோ மாமாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு யூரோவும் பவுண்டும் வாங்க வருவீர்கள். முன்பெல்லாம் கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்கள். இப்போது கார்டு வந்துவிட்டதால் முதல் வாரச் செலவுக்கு மட்டும்தான். அதற்கும் ரேட்டில் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லி உங்கள் அப்பா என்னோடு மல்லுக்கட்டுவார். அது இருக்கட்டும்.

நான் எழுத வந்தது நீங்கள் போகும்போது வாங்கும் பணத்தைப் பற்றி அல்ல, லீவுக்கு வரும்போது மாற்றக் கொண்டுவரும் மிச்சத்தைப் பற்றி. மேசையில் நீங்கள் போடும் நோட்டுகளைப் பார்த்தே எங்கெங்கே சுற்றினீர்கள் என்று சொல்லிவிடுவேன். செக் கொருனா இருந்தால் பிராக், ஃபோரிண்ட் இருந்தால் புடாபெஸ்ட், ஸ்லோட்டி இருந்தால் கிராக்கோவ். சுவிஸ் ஃபிராங்க் இருந்தால் அப்பா கொஞ்சம் வசதியானவர். என் வாப்பா கவுண்டரில் இருந்த காலத்தில் லீரா, மார்க், பெசெத்தா, கில்டர், அயர்லாந்து பவுண்ட் என்று நாட்டுக்கொரு பணம். 2002 ஜனவரி முதல் தேதி யூரோ நோட்டு வந்து அந்தக் கதையை முடித்துவிட்டது. ஓர் உபரித் தகவல்: இத்தாலி தன் லீராவை 2011 டிசம்பரிலேயே முற்றாகச் செல்லாமல் ஆக்கிவிட்டது. மார்க்கை இன்றைக்கும் ஜெர்மனியின் மத்திய வங்கி மாற்றித் தருகிறது. தாத்தா பெட்டியில் மார்க் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

நோட்டை எண்ணிக்கொண்டே உங்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். “அங்கே யார் வீட்டில் சாப்பிட்டாய்?” எத்தனை நாடு பார்த்தாய் என்று நான் கேட்பதில்லை. அதற்குப் பதில் உங்கள் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது, போனில் படமும் இருக்கிறது. வீட்டுக் கேள்விக்குத்தான் பலர் விழிக்கிறீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டு வாசலைக்கூடத் தாண்டாமல் வருகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அது ஏன் நடக்கிறது என்று இந்தக் கவுண்டரில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் காரணம் பணம். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 5 வெள்ளி. இறங்கிய நாள் முதல் நீங்கள் எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்குகிறீர்கள். வகுப்பு முடிந்து நாலு பேர் காப்பி குடிக்கக் கூப்பிடுகிறார்கள். காப்பி 4 யூரோ. மனசுக்குள் 20 வெள்ளி என்று மணி அடிக்கிறது. இந்தப் பணத்துக்கு மாமாக் கடையில் வீட்டோடு பசியாறிவிடலாமே என்று தோன்றுகிறது. “எனக்கு வேண்டாம், நீங்கள் போங்கள்” என்கிறீர்கள். அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள். அதற்கடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். அப்படி மிச்சம் பிடித்த காசையெல்லாம் சேர்த்து இரண்டு மாதம் கழித்து புடாபெஸ்டுக்கு டிக்கெட் போடுகிறீர்கள், அதுவும் கூடவே தங்கியிருக்கும் பட்டர்வொர்த் பையனோடு! அந்தக் காப்பிதான் உங்கள் உண்மையான பயணச் செலவு. மாதச் செலவில் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். அதை மட்டும் ஐந்தால் பெருக்காதீர்கள்.

இரண்டாவது, பப். இதைப் பற்றி எழுதினால் உங்கள் அம்மாக்கள் என் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் பழக்கம் வளர்கிற இடங்களில் அது முக்கியமானது. குடிக்காதவர்களும் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். குடிக்கக் கூடாது என்பவர்கள் குடிக்க வேண்டாம். எலுமிச்சை சோடா கிடைக்கும், பல இடங்களில் தேநீரும் கிடைக்கும். ஒரு வழக்கத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்குவார்கள். உங்கள் முறை வரும்போது நழுவினால் மனசில் வைத்துக்கொள்வார்கள். சாராயம் வாங்கித் தர மனம் ஒப்பவில்லை என்றால், உட்கார்ந்த உடனேயே “நான் என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள், ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த இடத்துக்கே போக மாட்டேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பல்கலைக்கழகம் திறக்கும் முதல் வாரத்தில் மைதானம் முழுக்க மேசை போட்டு மாணவர் சங்கங்கள் ஆள் பிடிக்கும். மலேசியர் சங்கத்தில் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொரு சங்கத்திலும் சேருங்கள். மலையேறும் சங்கம் நல்லது. டப்ளினுக்குப் பக்கத்து விக்லோ மலையில் மழையில் நனைந்துகொண்டு கூட நடந்தவன் சீக்கிரம் நண்பனாகிவிடுவான்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் 1996 முதல் ஒரு நேர்ப் பாதை இருக்கிறது. சிப்பாய் லைன்ஸ் சாலையில் இருக்கும் பினாங்கு மருத்துவக் கல்லூரி, இப்போது பெயர் மாறி டப்ளினின் இரண்டு கல்வி நிறுவனங்களுடைய மலேசிய வளாகமாக இருக்கிறதே, அதன் பிள்ளைகள் முதல் இரண்டரை ஆண்டு டப்ளினில் படித்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கும் பாடத்துக்கு இங்கே வருவார்கள். என் மகளும் அந்த வழியில் போனவள். டப்ளினில் அவள் படித்த கட்டடத்தின் தூண்களில் 1916 ஈஸ்டர் எழுச்சியில் பட்ட குண்டுகளின் தடம் இன்றும் இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போனாலும், அது என்னவென்று அவளுக்கு நின்று விளக்கியவர் கட்டடத்தின் காவலாளி.

டிசம்பரில் அங்கே மாலை நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும். காலையில் எட்டரைக்கு மேல்தான் விடியும். வருஷம் முழுக்க ஏழுக்கு விடிந்து ஏழுக்கு அடையும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது உடம்பை விட மனசைத்தான் முதலில் பிடிக்கும். அடுத்த சில ஆண்டுகளுக்கு நோன்பு குளிர்காலத்தில் வருவது ஒரு சலுகை, பகல் குறைவு. கிறிஸ்துமஸ் அன்று பஸ் ஓடாது, ரயில் ஓடாது, டப்ளின் விமான நிலையமே மூடியிருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி “எங்கள் வீட்டுக்கு வருகிறாயா?” என்று கேட்டால், அது மரியாதைக்குக் கேட்பது என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு மறுக்காதீர்கள். போங்கள். பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன், மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், சொல்லாமல் போய்த் தட்டை ஒதுக்கினால்தான் அவர்களுக்குச் சங்கடம். உலகில் தலைக்கு அதிகமாகத் தேநீர் குடிக்கும் நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று, அதுவும் நம்மைப் போலவே பால் ஊற்றி. பேச்சைத் தொடங்க அது போதும்.

வாங்கினால் கொடுக்கவும் வேண்டும். தீபாவளிக்கு உங்களுக்கு வகுப்பு இருக்கும், லீவு கிடைக்காது. சனிக்கிழமை பார்த்துக் கூப்பிடுங்கள். நோன்பு திறக்கக் கூப்பிடுங்கள். பிளாட்டில் ரைஸ் குக்கர் வைத்திருக்காத மலேசியரை நான் கேள்விப்பட்டதில்லை, பிறகென்ன? பெலாச்சான் வறுப்பதற்கு முன் ஜன்னலைத் திறந்துவிட்டு, பக்கத்து அறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். புகை மணி அடித்து, கட்டடம் முழுவதும் குளிரில் வெளியே வந்து நின்ற கதைகள் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி சுற்றுவதைப் பற்றி. நம் சிவப்புக் கடப்பிதழின் அருமை உங்களுக்கு அங்கே போனால்தான் தெரியும். டப்ளினில் உங்களோடு படிக்கும் சென்னைப் பிள்ளை பாரிஸ் போக வேண்டுமானால் சான்றிதழ்க் கட்டோடு ஷெங்கன் விசாவுக்கு அலைய வேண்டும். நீங்கள் டிக்கெட் எடுத்துக் கிளம்பிவிடலாம், 180 நாளில் 90 நாள் வரை. கணக்கில் கவனம் வேண்டும். அயர்லாந்து ஷெங்கனுக்குள் இல்லை என்பதால் எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் நாள் எண்ணப்படும். 2025 அக்டோபர் முதல் முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையும் முகப் படமும் எடுக்கும் முறை தொடங்கிவிட்டது. முத்திரை சேர்க்கும் ஆசையில் புதுக் கடப்பிதழ் எடுத்தவர்கள் மன்னிக்கவும். மலிவு டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல். 500 யூரோ நோட்டை யாராவது தந்தால் வாங்காதீர்கள். 2019-லிருந்து அதை வெளியிடுவதில்லை, கடைக்காரர்கள் தொடவும் தயங்குவார்கள். 20, 50 போதும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போனால் அங்குள்ள வங்கிகள் அச்சிடும் பவுண்ட் நோட்டு கையில் வரும். அதை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே கொண்டுவந்தால் தள்ளுவது கஷ்டம்.

பெல்ஃபாஸ்டுக்குக் கட்டாயம் போங்கள். டப்ளினிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். பிராகுக்குப் பறக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறீர்கள். அங்கே கத்தோலிக்கர் வாழும் தெருவுக்கும் புராட்டஸ்டண்டுகள் வாழும் தெருவுக்கும் நடுவே உயரமான சுவர்கள் நிற்கின்றன. முதல் சுவர் 1969-இல் எழுந்தது. 1998 ஏப்ரல் 10 அன்று சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் சுவர்கள் போகவில்லை, சில கதவுகளை இன்றும் இரவில் பூட்டுகிறார்கள். ஒரே இயேசுவைக் கும்பிடுகிறவர்கள்!

நம் தெருவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி ஊதுவத்திப் புகை அடங்காத குவான் இம் கோயில். அதற்குப் பக்கத்தில் குவீன் தெருவைப் பார்த்த மகாமாரியம்மன் கோயில். அப்புறம் 1801-இல் காதர் முகைதீன் எழுப்பிய கப்பித்தான் பள்ளி. பள்ளியின் மதில் ஓரத்தில் நாசி கண்டாருக்கு நிற்கும் வரிசையில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உண்டு. 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனைப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததற்கு இந்த அண்டை வாழ்வும் ஒரு காரணம். ஒற்றுமைத் தெரு என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் பெல்ஃபாஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குச் சில நாட்களுக்கு முன், 1998 மார்ச்சில், இதே பினாங்கில் கம்போங் ராவாவில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மூண்ட பிணக்கில் ஊரே பதறிக் கிடந்தது. உங்களில் யாரும் அப்போது பிறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் கடைக்கதவு பாதிதான் திறந்திருந்தது. கோபுரமும் மினாராவும் ஒரே படத்தில் விழுவதால் மட்டும் ஜனங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டதாக ஆகாது. எதிர்வீட்டுக்காரர் சமையலறையில் என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறோமா? கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறோம், அவ்வளவுதான். இங்கே நாம் சரியாகப் படிக்காத பாடத்தை அங்கே நீங்கள் படிக்க முடியும். அங்கே நீங்கள் விருந்தாளி, அழைத்தால் போகக் கடமைப்பட்டவர்.

சுவிட்சர்லாந்து போகிறவர்கள் பனிமலை பார்த்துவிட்டு பெர்ன் நகரத்தில் ஐரோப்பா சதுக்கத்தில் இறங்குங்கள். 2014-இல் திறந்த மதங்களின் இல்லம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. சிவன் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்தர்களின் இடமும் கிறிஸ்தவர்களின் இடமும் ஒரே கூரைக்குக் கீழே. நம் தெரு முழுவதையும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தது மாதிரி. கோயிலில் வழிபாடு தமிழில் நடக்கிறது.

பாரிஸின் லா ஷப்பலுக்குத் தோசை சாப்பிட எல்லோரும் போகிறீர்கள். சாப்பிட்ட கையோடு எழுந்து ஈஃபில் கோபுரத்துக்கு ஓடுகிறீர்கள். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். 1983-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் விட்டு வந்தவர்கள், தாள் இல்லாமல், மொழி இல்லாமல் அந்த நகரத்தில் வேர் பிடித்தவர்கள். நீங்கள் மலேசியத் தமிழர் என்று தெரிந்தால் அவர்கள் காட்டும் பிரியத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களுக்கு ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில். தொழிற்பேட்டைக்கு நடுவே கோபுரம் நிற்கும், பக்கத்துக் கால்வாயில்தான் தீர்த்தத் திருவிழா. கோடையில் தேருக்குப் போனால் அங்கே பிறந்து வளர்ந்த உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஜெர்மன் சமூகத்துக்குள் போக அவர்களை விட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார்கள்.

இப்படிப் போய் வந்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருக்கிறார்கள். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். படிப்பை முடித்து 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வயது 25. கண்டம் கண்டமாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கி, 1940-இல் படத்தை முடித்துவிட்டார். முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டிக் கேட்கக் கூசாதவருக்குத்தான் அது முடியும். அத்தனையும் செய்தவர் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டதே இல்லை.

தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1934 முதல் 1939 வரை உரோமையில் படித்தார், பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து தங்கும் கல்லூரியில். தமிழை முறையாகப் படித்தது அதற்கும் பின்னால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். ஐரோப்பாவில் ஆட்களோடு பழகத் தெரிந்த அந்த மனிதர்தான் பிராகின் கமில் சுவெலபில், பிரான்சின் ஃபிலியோசா போன்ற அறிஞர்களோடு சேர்ந்து 1964-இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார். 1966-இல் முதல் மாநாட்டை நம் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். பிராகில் நிற்கும்போது பாலத்தையும் கடிகாரத்தையும் பாருங்கள், சங்கப் பாட்டைக் கரைத்துக் குடித்த ஒரு செக் நாட்டுக்காரர் வாழ்ந்த ஊர் அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மகன் ஐந்து நாடு சுற்றினால் “பையன் விவரமாகிவிட்டான்” என்கிறீர்கள். மகள் தோழியோடு ரயிலில் கோல்வே போகக் கேட்டால் ஆயிரம் கேள்வி கேட்கிறீர்கள். கடல் கடந்து அனுப்பும்போது இருந்த நம்பிக்கை பக்கத்து ஊருக்கு ரயில் ஏறும்போது எங்கே போகிறது? என் மகள் விஷயத்தில் நான் வைத்திருந்த ஒரே நிபந்தனை, எங்கே தங்குகிறாள் என்ற முகவரியைக் கிளம்புமுன் அனுப்பிவிட வேண்டும் என்பது. அது போதுமானதாக இருந்தது. காதல் விவகாரங்களைப் பற்றி இந்த மடலில் எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார். எழுத மாட்டேன், எனக்கு இந்தத் தெருவில் கடை நடத்த வேண்டும்.

கடைசியாக, ஏற்கெனவே அங்கே இருக்கும் மூத்த மாணவர்களுக்கு. புதுப் பிள்ளைகளை விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவருகிறீர்கள், குடியேற்ற அலுவலகத்தில் பதிவு செய்ய வழி சொல்கிறீர்கள், முதல் இரவுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறீர்கள். இந்த நல்ல பழக்கத்தை விடாதீர்கள். ஆனால் இரண்டு வாரம் கழிந்ததும் அவர்களை உங்கள் பிளாட்டிலேயே உட்கார்த்தி வைக்காதீர்கள். அடுத்த முறை சோறு ஆக்கும்போது உங்கள் வகுப்பிலிருந்து மலேசியர் அல்லாத ஒருவரையும் கூப்பிடுங்கள், புதுப் பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை மணி சேஞ்சர் கடைக்காரர்